ஓர் ஆள் மடங்கும் இடம்

ஜனவரி 9

அன்புள்ள பொடியனுக்கு,

அக்கா எழுதுவது. நீ பஸ் ஏறிப் பத்து நாளாகிறது. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தாயா என்று ஒரு வரி கிடையாது. இங்கே நான் சுகம், காது மட்டும் அப்படியேதான் இருக்கிறது. போனில் பேசினால் நான் கத்துவது நாலு வீட்டுக்குக் கேட்கும் என்பதால் நமக்குத் தாளும் பேனாவும்தான் கதி.

என் எக்ஸ்ரே மெஷினில் உன்னைப் படுக்கவைத்து நானே எடுத்த படத்தை எலும்பு டாக்டர் பார்த்துவிட்டார். தொடை எலும்பின் தலை உருண்டையாக இருக்க வேண்டும். இடுப்பெலும்பில் இருக்கிற கிண்ணத்துக்குள் அது உட்கார்ந்து சுழலும். உனக்கு அந்த உருண்டை கழுத்தோடு சேருமிடத்தில் ஒரு மேடு வளர்ந்திருக்கிறது. காலை நீட்டி நடக்கும்போது அதனால் தொந்தரவு இல்லை. முழங்காலைத் தூக்கி மடக்கினால் அந்த மேடு கிண்ணத்தின் விளிம்பில் போய் இடிக்கிறது. அதற்கு மேல் கால் வராது, தரையில் தட்டிக் கதவு பாதியில் நிற்கிற மாதிரி. மற்றவர்களுக்கு நெஞ்சு வரை வருகிற முழங்கால் உனக்குத் தொப்புளுக்கே வரவில்லை. காலை உள்பக்கம் திருப்பவும் முடியவில்லை. விளிம்பைச் சுற்றி ரப்பர் வளையம் போல ஒரு சவ்வு உண்டு, அது இத்தனை வருஷம் இடிபட்டுக் கிழிந்திருக்கும் என்கிறார். இப்போதென்றால் சின்னத் துளை போட்டு மேட்டைச் சீவிவிடலாம். தள்ளிப்போட்டால் மூட்டையே மாற்ற வேண்டிவரும்.

டாக்டரிடம், "நடந்தா வலிக்கல சார்"னு சொன்னாயே, உண்மைதான். உட்கார்ந்தால் உயிர் போகிறது என்பதைச் சொல்லவில்லை. சின்ன வயதில், "பந்துதான் கண்ணாடிய உடைச்சுது"ன்னு நின்றவன் நீ. பந்தை அடித்தது யார் என்று சாகும்வரை அப்பாவுக்குத் தெரியாது.

குந்தாதே. தாழ்வான நாற்காலியில் உட்காராதே. உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல். துணைக்கு வந்த உன் வேலைக் கூட்டாளி நெட்டை என் வாசல் நிலையில் இடித்துக்கொண்டானே, அந்த நெற்றி ஆறியதா?

அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் காதுக்கு அந்த மருந்தை விடாமல் போடு.

உன் கடிதத்தை நெட்டைதான் எனக்கு விளக்கிச் சொன்னான். அவனுக்கு எல்லாமே லிஃப்ட் பாஷைதான். "கதவு பாதியில நின்னா தடத்துல குப்பைன்னு அர்த்தம், தள்ளித் தள்ளி விட்டா சரியாயிடும்"னான். அதனால் தினமும் வேலை முடிந்ததும் ஷெட்டில் என்னைப் பெஞ்சில் படுக்கவைத்து முழங்காலை நெஞ்சுக்குத் தள்ளுகிறான். ஆறடி இரண்டு அங்குலம், என் மேல் சாய்ந்தால் மூச்சே நின்றுவிடுகிறது. தொடைச் சந்தில் சுளீரென்று இழுக்கிறது. ஆனாலும் கொஞ்சம் இளகின மாதிரிதான் இருக்கிறது.

மடக்கியே ஆக வேண்டும் அக்கா. லிஃப்ட்டுக்கு அடியில் ஆளுயரக் குழி உண்டு. மாதம் ஒரு தரம் நாங்கள் இருவர் இறங்கித் துடைத்து, கம்பி, சக்கரம், ஸ்பிரிங் எல்லாம் பார்ப்போம். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் இறங்குவது. அதையும் மீறிப் பெட்டி கீழே வந்தால்? அதற்காகக் குழியில் இரண்டு இடம் விட்டிருப்பார்கள். சுவரோரம் ஒன்று, ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம். மூலையில் ஒன்று, ஓர் ஆள் முழங்காலை நெஞ்சோடு மடக்கிக் குந்தலாம். யாருக்கு எது என்று பேசிக்கொண்டுதான் ஏணியில் கால் வைப்போம்.

அந்த மூலையின் அளவுக்குக் கம்பெனி முற்றத்தில் ஒரு மரப்பெட்டி செய்து வைத்திருக்கிறார்கள். மார்ச் மாதம் எல்லாரும் அதற்குள் மடங்கிக் காட்ட வேண்டும். பாதுகாப்பு அதிகாரி ஐந்து எண்ணுவதற்குள். போன வருஷம் நான் நாலரையில் உட்கார்ந்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நெட்டை இரண்டு எண்ணுவதற்குள் மடங்கிவிடுகிறான், மடக்குக் குடை மாதிரி.

மீதி அடுத்ததில்.
தம்பி

*அக்கா, வணக்கம். நெத்தி ஆறிடுச்சு, உங்க வாசக்கால் எப்படி இருக்கு? தம்பிய நான் பாத்துக்கிறேன். தள்ளும்போது இவன் கத்துற கத்துல ஷெட்டு நாய் ஊரை விட்டே போயிடுச்சு. நெட்டை.*

*

பிப்ரவரி 6

அன்புள்ள பொடியா,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டுமென்றால் அந்தப் பெஞ்சைத் தூக்கி அடுப்பில் வை.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு தடவைதான் சொல்வேன். இது இறுகிப்போன தசை இல்லை, இழுத்தால் நெகிழ. எலும்பு எலும்பில் இடிக்கிறது. நீங்கள் தள்ளத் தள்ள நடுவில் இருக்கிற சவ்வு நசுங்கிக் கிழியும். இளகினது மாதிரி இருக்கிறதே, அதுதான் கிழிந்தது. நெட்டையிடம் சொல், தடத்தில் குப்பை இல்லை, கதவே கோணல் என்று. அவனுக்குப் புரியும்.

இன்னொன்று. மரப்பெட்டியில் உட்காரக் கஷ்டப்படுகிறவன் குழியில் மட்டும் எப்படி உட்காருவாய்? அங்கே ஐந்து எண்ணுவதற்கு யார் இருப்பார்கள்? ஆபீசில் போய்ச் சொல். வேறு வேலை கொடுக்கச் சொல். ஆபரேஷனுக்கு நாள் வாங்கித் தருவது என் பொறுப்பு.

இதற்குப் பதில் போடாமல் வானிலை எழுதி அனுப்பாதே.

அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே பரவாயில்லை. பெஞ்சு வைத்தியத்தை நிறுத்தியாகிவிட்டது.

நான் ஆபீசில் சொல்வதற்குள் அவர்களே பார்த்துவிட்டார்கள். மாடிப்படியில் பக்கவாட்டில் திரும்பி ஏறிக்கொண்டிருந்தேன், பாதுகாப்பு அதிகாரி கீழே நின்று பார்த்துக்கொண்டேயிருந்தார். கூப்பிட்டு, "ஆஸ்பத்திரியில இடுப்புப் படம் எடுத்துட்டு வாப்பா. சுத்தமா இருந்தா இந்த வருஷம் உனக்குப் பெட்டி வேணாம். இல்லேன்னா குழி அனுமதிய நிறுத்திடுவேன்"னார்.

குழி அனுமதி போனால் எங்கள் கம்பெனியில் வேலை கிடையாது. வேலை போனால் இந்தக் கம்பெனி வீடும் கிடையாது. ஜனவரியில் மேற்பார்வையாளர் ஓய்வு பெறுகிறார். அந்த நாற்காலி எனக்கு என்று எழுதியாகிவிட்டது. நாற்காலிக்குப் போனால் குழியே கிடையாது, அன்றைக்கே லீவு போட்டு உன் டாக்டரிடம் வந்து படுத்துவிடுகிறேன். பதினோரு மாதம்தான் அக்கா.

உன் அறையில் எத்தனை இடுப்புப் படம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பெயர் போட்டு ஒட்டுகிற சீட்டும் உன் கையெழுத்தில்தான் இருக்கும். நான் வேறெதுவும் கேட்கவில்லை.

கடைசித் தாளை மட்டும் நெட்டையிடம் கொடுக்கிறேன். இதெல்லாம் அவனுக்குத் தெரியாது.

தம்பி

*அக்கா, கதவே கோணல்னு நீங்க எழுதினதுக்கு அப்புறம் இவன்கிட்ட மரியாதையாத்தான் நடந்துக்கிறேன். ஏணியில இவன் இறங்குறப்ப நான் முதல்ல இறங்கிக் கீழ நின்னுக்கிறேன். விழுந்தா மெத்துன்னு இருக்கட்டும். நெட்டை.*

*

மார்ச் 3

பொடியா,

முடியாது.

இருபத்திரண்டு வருஷமாக இந்த அறையில் நிற்கிறேன். ஒருத்தர் படத்தில் இன்னொருத்தர் சீட்டு தவறிக்கூட ஒட்டியதில்லை. சீட்டு மாறினால் நல்ல காலை வெட்டிவிடுவார்கள் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்தார்கள். என்னை இதைக் கேட்க உனக்கு எப்படி மனம் வந்தது? வேறு வேலை தேடு. வீடு இல்லாவிட்டால் என் வீடு இருக்கிறது. கோபத்தில் எழுதுகிறேன், நலம் விசாரிக்கக்கூட மறந்துவிட்டேன்.

*மார்ச் 7*

மேலே இருப்பதைத் தபாலில் போடாமல் நாலு நாள் பையிலேயே வைத்திருந்தேன்.

அப்பா போனபோது நம் சாமான்கள் தெருவில் கிடந்தன, உனக்கு ஒன்பது வயது. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாய். அதை இன்னொரு தடவை பார்க்க என்னால் ஆகாது.

படம் இதோடு இருக்கிறது. நல்ல இடுப்பு. யாருடையது என்று கேட்காதே. ஆனால் ஒரு சத்தியம் வேண்டும். மூலைப் பக்கம் நீ போகவே கூடாது. குழியில் இறங்கினால் சுவரோரம் படுக்கிற பக்கம்தான் உனக்கு. மூலை நெட்டைக்கு. அப்படியே செய்கிறேன் என்று உன் கைப்பட எழுதி அனுப்பு.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு.

*

ஏப்ரல் 2

என் அருமை அக்காவுக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறோம்.

அதிகாரி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "எங்க எடுத்தது?"ன்னார். "பெரிய ஆஸ்பத்திரியில சார்"னேன், அது பொய் இல்லையே. முத்திரை குத்தி ஃபைலில் வைத்துவிட்டார். முற்றத்தில் மற்றவர்களெல்லாம் வரிசையில் நின்று பெட்டிக்குள் மடங்கிக்கொண்டிருந்தார்கள், நான் மகாராஜா மாதிரி டீ குடித்துக்கொண்டு பார்த்தேன்.

வலி அப்படியேதான். சாக்ஸ் மாட்ட முடியவில்லை, வீட்டுக்காரிதான் மாட்டிவிடுகிறாள். கால் நகம் வெட்டுவதும் அவள்தான். "கல்யாணத்தப்பக்கூட இவ்வளவு கால் பிடிக்கல"ன்னு முனகுகிறாள். கம்பெனி வண்டியில் அரை மணி நேரம் உட்கார்ந்து வந்தால் இறங்கும்போது கால் பூட்டிக்கொள்கிறது. கையால் தூக்கி ஒரு குலுக்கு குலுக்கினால், உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம், பிறகு நடக்கலாம்.

ஒன்பது மாதம்தான் பாக்கி. காலண்டரில் மாதத் தாளைக் கிழிக்கும்போதெல்லாம் உன்னை நினைத்துக்கொள்கிறேன்.

தம்பி

*அக்கா, இவன் படம் ரொம்ப அழகுன்னு அதிகாரி எல்லார்கிட்டயும் சொல்றாரு. நானும் பாத்தேன். அழகாத்தான் இருக்கு. நெட்டை.*

*

மே 24

அன்புள்ள பொடியா,

ஏழு வாரமாகிறது. உனக்கும் வீட்டில் உள்ளவர்களுக்கும் சுகம்தானே? தபால்காரர் எங்கள் தெருவில் நுழைந்தாலே நான் வாசலுக்கு வந்துவிடுவதைப் பார்த்து அவரே தலையாட்டிவிட்டுப் போகிறார்.

நான் கேட்ட சத்தியத்துக்குப் பதிலே இல்லை. மகாராஜா மாதிரி டீ குடித்ததையெல்லாம் எழுதுகிறாய், அந்த ஒரு வரியைத்தான் காணோம். நானாக அதற்குச் சரி என்று அர்த்தம் எடுத்துக்கொண்டேன். அப்படித்தானே?

எலும்பு டாக்டர் நேற்று உன்னைப் பற்றிக் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் ஒட்டுகிறேன்.

என் மேல் கோபமா? கோபமென்றால் அதையாவது எழுது. நீ எழுதச் சோம்பேறித்தனப்பட்டால் நெட்டையிடம் தாளைக் கொடு, அவன் நாலு வரி கிறுக்கினால் எனக்குப் போதும்.

அக்கா

*

ஜூன் 15

அக்காவுக்கு,

நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. வேலை மாறிவிட்டது. என்னைத் தற்காலிகமாக ஸ்டோர் ரூமுக்குப் போட்டிருக்கிறார்கள். போல்ட், நட்டு எண்ணி அடுக்க வேண்டும். உயரமான ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள். இப்போது குழி இல்லை, நீ கேட்டது போலவே ஆகிவிட்டது.

நெட்டை இப்போது என்னோடு வேலை செய்வதில்லை.

இங்கே மழை.

தம்பி

*

ஜூலை 4

தம்பிக்கு,

உன்னை நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் வந்தது. படங்களின் பதிவேடு என் பொறுப்பு என்பதால் நேராக என் மேஜைக்கே வந்தது. "மே மாதம் 3ஆம் தேதி அச்சகக் கிடங்கின் சரக்கு லிஃப்ட் குழியில் நேர்ந்த விபத்தில் ஊழியர் ஒருவர் உயிரிழந்தது தொடர்பாக" என்று ஆரம்பம். உயிரிழந்தவர் "தமக்குரிய பாதுகாப்பான இடத்தை விட்டுத் தம் கவனக்குறைவால் வெளியே வந்ததாகத் தெரிகிறது" என்று அதில் இருக்கிறது. உடனிருந்த ஊழியரின் இடுப்புப் படத்தைப் பதிவு எண்ணோடு கொடுத்து, இது இங்கே எடுத்ததுதானா, அவருடையதுதானா என்று கேட்டிருக்கிறார்கள். ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். கீழே கையெழுத்து.

மே 3. நான் மே 24இல் அவனைக் கிறுக்கச் சொல்லி எழுதினேன். நீ ஜூன் 15இல், அவன் உன்னோடு வேலை செய்வதில்லை என்று எழுதினாய். பொடியா, நீ பிறந்ததிலிருந்து பொய் சொன்னதே இல்லை. உண்மையைப் பாதியில் நிறுத்திவிடுவாய், அவ்வளவுதான். அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்தே உன்னை வளர்த்துவிட்டேன்.

அவன் ஏன் தன் இடத்தை விட்டு வெளியே வந்தான்? இந்த ஒன்றை மட்டும் முழுசாக எழுது. பாதியில் நிறுத்தினால் உனக்கு அக்கா இல்லை.

பதில் வரும்வரை எந்தக் கட்டத்திலும் நான் எழுத மாட்டேன்.

*

ஜூலை 14

அக்கா,

முழுசாக எழுதுகிறேன்.

அச்சகக் கிடங்கு. மேலே நின்ற பெட்டி நிறைய காகிதக் கட்டுகள், இறக்காமலே விட்டிருந்தார்கள். சுவிட்சை அணைத்துவிட்டு இறங்கினோம். ஏணியிலேயே நெட்டை, "நீ செவுத்தோரம் போ, மூலைய நான் பாக்கிறேன்"னான். ஏப்ரலிலும் அப்படித்தான் சொல்லி என்னை ஓரத்துக்கு அனுப்பினான். அன்று எனக்கு என்னவோ வந்துவிட்டது. மூலையில் இருக்கிற சக்கரத்தைப் பதினாலு வருஷமாகப் பார்ப்பவன் நான். "நான் என்ன நொண்டியா?"ன்னு கேட்டேன். அவன் சுவரோரம் போய்விட்டான்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். மேலே பிரேக் பிடி விட்டுவிட்டது. சுமையோடு பெட்டி இறங்க ஆரம்பித்தது. வேகமாகக்கூட இல்லை அக்கா, சாதாரணமாக இறங்குகிற மாதிரிதான் வந்தது. வெளிச்சம் குறைவதைப் பார்த்துத்தான் நிமிர்ந்தேன். நான் செய்ய வேண்டியதெல்லாம் நின்ற இடத்திலேயே குந்துவதுதான். குந்தினேன். பாதியில் இடித்து நின்றுவிட்டது. இடது கால் மடங்கவே இல்லை. கையால் அழுத்தினேன். தலையும் தோளும் வெளியே நிற்கின்றன, எனக்கே தெரிகிறது.

நெட்டை அப்போது சுவரோரம் படுத்தாகிவிட்டான். அவன் இடத்தில் அவன் பத்திரமாக இருந்தான். எழுந்து வந்து என் காலரைப் பிடித்து இழுத்து, என்னை அவன் படுத்திருந்த இடத்தில் தள்ளினான். பிறகு மூலைக்குத் தாவினான். இரண்டு எண்ணுவதற்குள் மடங்குகிறவன். அவனுக்கு ஒன்றுதான் கிடைத்தது.

விசாரணையில், "அவர் ஏன் இடத்தை விட்டு வந்தாரு?"ன்னு கேட்டார்கள். "அவன் இடத்த விட்டு வெளிய வந்தான். ஏன்னு தெரியல"ன்னேன். முதல் பாதி உண்மை. என் படம் ஃபைலில் சுத்தமாக இருக்கிறது, பிறகு நான் குந்த முடியவில்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னால் உன்னிடம் வந்து நிற்கும். உனக்காகத்தான் சொல்லவில்லை.

அவன் மனைவி எங்கள் வீட்டுக்கு மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் ஒரே கேள்விதான். "எல்லாருக்கும் பாடம் சொல்ற மனுஷன், அவரு ஏன் வெளிய வந்தாரு?" நான் தெரியவில்லை என்றேன். மூன்றாவது தடவை என் வீட்டுக்காரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து சாக்ஸ் மாட்டிவிடுவதில்லை.

எந்தக் கட்டத்தில் எழுதப்போகிறாய்?

*

ஜூலை 26

தம்பிக்கு,

'இல்லை' என்ற கட்டத்தில் எழுதிவிட்டேன். அதன் கீழே, சீட்டை மாற்றி ஒட்டியது நான் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டிசம்பரில் எடுத்த உன் படம் என் அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்தது, அதையும் கூட வைத்து அனுப்பினேன். மேட்டைச் சுற்றி டாக்டர் போட்ட பென்சில் வட்டம் அப்படியே இருக்கிறது. பிறகு தலைமை மருத்துவரிடம் போய்ச் சொன்னேன். சாவியை வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்றார். முடிந்த பிறகும் வர வேண்டியிருக்காது, எனக்குத் தெரியும்.

நீ யாருடைய இடுப்பை வைத்துப் பதினோரு மாதம் ஓட்டலாம் என்று பார்த்தாய் தெரியுமா? ஒரு நீச்சல் பயிற்சியாளருடையது. சிறுநீரகக் கல்லுக்கு எடுத்த படம், இடுப்பும் அதில் விழுந்திருந்தது. அந்த மனுஷனுக்கு இது எதுவுமே தெரியாது.

உனக்காகத்தான் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எடுத்துவிடு. நானும் உனக்காகத்தான் செய்தேன் என்று நாலு மாதம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அவனை வைத்து நமக்கு நாமே கருணை காட்டிக்கொள்ள வேண்டாம். நான் எடுத்த முடிவு ஒரு படத்தை மட்டும்தான் மாற்றும் என்று நினைத்தேன். மூலை நெட்டைக்கு என்று எழுதிய கை இதுதான். அவனைக் கேட்காமல் அவனுக்கு இடம் ஒதுக்கினேன்.

அவர்கள் மறுபடி கூப்பிடுவார்கள். அப்போது பாதியில் நிறுத்தாதே.

சாப்பிடு. காலை மடக்கிப் பார்க்காதே.

அக்கா

*

செப்டம்பர் 11

அக்காவுக்கு,

உன் உடம்பும் மனசும் எப்படி இருக்கின்றன? உனக்கு வேலைநீக்க ஓலை வந்துவிட்டது என்று உன் டாக்டர் என் வீட்டுக்காரிக்குப் போனில் சொன்னாராம். நீ எழுதவில்லை.

விசாரணை போன வாரம் மறுபடி நடந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நான் நொண்டியா என்று கேட்டதையும் சொன்னேன். ஆபீஸ்காரர்கள், "வாயால சொன்னாப் போதாது"ன்னு முற்றத்து மரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவன் மனைவி முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டிக்குள் இறங்கி மடக்கினேன். அதிகாரி ஐந்து எண்ணினார், பத்து எண்ணினார், பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டு டேப்பை எடுத்து முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைத்தார். ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம். அவள் எழுந்து பக்கத்தில் வந்து அந்த இடைவெளியைப் பார்த்தாள்.

"அவ்வளவுதானா?"ன்னு கேட்டாள்.

போய்விட்டாள்.

'கவனக்குறைவு' என்பதை அடித்துவிட்டு, 'சக ஊழியரைக் காப்பாற்றும்போது' என்று எழுதினார்கள். அவள் வீட்டை அவளிடமே விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மூட்டு தேய்ந்துவிட்டது, இனி சீவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும் என்று இங்கே உள்ள டாக்டரும் சொல்லிவிட்டார். வீட்டுக்காரி சாமான் கட்டுகிறாள். என்னிடம் பேசுவதில்லை, ஆனால் நேற்றுக் குனிந்து என் செருப்பைக் காலருகே தள்ளிவிட்டுப் போனாள்.

கருவிப் பையைக் கம்பெனியில் ஒப்படைப்பதற்காகக் காலி செய்தேன். விபத்துக்கு முதல் நாள் உனக்கு எழுதி, மறுநாள் தபாலில் போடலாம் என்று வைத்த கடிதம் அடியில் கிடந்தது. என் பக்கத்தில் ஒன்றுமில்லை, வலி தேவலை, எல்லாம் சரி என்று ஏதோ எழுதியிருக்கிறேன். அவனிடம் தாளைக் கொடுத்ததே மறந்துவிட்டது. அவன் எழுதியதை நான் இப்போதுதான் படித்தேன். உனக்கு எழுதியது, உன்னிடம்தான் இருக்க வேண்டும். இதோடு வைத்திருக்கிறேன்.

தம்பி

*மே 2*

*அக்கா, வணக்கம். வலி தேவலைன்னு இவன் மேல எழுதியிருப்பான், நம்பாதீங்க. நேத்து ஏணியில காலைக் கையால தூக்கித்தான் வெச்சான். அந்தப் படத்தப் பத்தி எனக்குத் தெரியும்கா. இவ்வளவு அழகான இடுப்பு இவனுக்கு ஏது? உங்க மேல கோவமில்ல. எனக்கு அக்கா இருந்தாலும் செஞ்சிருப்பா. ஆனா இவன் கிட்ட எனக்குத் தெரியும்னு சொல்லிடாதீங்க, ரோஷக்காரன், குழிக்குள்ள என் பேச்சக் கேக்க மாட்டான். நாற்காலிக்கு இன்னும் எட்டு மாசம். அது வரைக்கும் எந்தப் பக்கம் நின்னாலும் ஒரு கண்ணு இவன் மேலதான் வெச்சிருப்பேன். பயப்படாதீங்க. நான் சட்டுனு மடங்கிடுவேன். நெட்டை.*